சுவரில் ஒரு வாய்

மேஸ்திரி சவரிமுத்து சாக்கட்டியால் சுவரில் கட்டம் போட்டுவிட்டார். நான் உட்கார்ந்திருக்கும் கட்டிலுக்கு நேரெதிரே, தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், மூன்றடி அகலம், இதுதான் வாய் என்கிறார். அவர் எல்லாவற்றையும் உடம்பாகத்தான் சொல்கிறார். வாய்க்கு மேலே தொண்டை, தொண்டைக்குப் பின்னால் தோள்பட்டை, கூரையைத் தாண்டி வெளியே நிற்பது மூக்கு. "தொண்டை சரியா அமையலைன்னா வீட்டுக்குள்ளயே இருமும் சார். குன்னூர்ல நான் கட்டினது மூணு பயர்பிளேஸ், மூணும் ஹோம்ஸ்டே, ஒண்ணுக்குக்கூட இதுவரைக்கும் ஜலதோஷம் பிடிச்சதில்ல" என்கிறார். பூபதி சிரிக்கிறார். பூபதி என் கணவர். டீ பேக்டரியில் டிரையர் அவர் பொறுப்பு, கொழுந்து காய்கிற சூட்டை வாங்கி வாங்கி முகமே சற்றுச் சிவந்துபோனவர், நாள் முழுக்க நெருப்போடு இருந்துவிட்டு வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டுவர ஆசைப்படுகிறார். அளவு டேப்பின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை மேஸ்திரி கையில், நடுவில் டேப் தொய்ந்து என் முகத்துக்கு முன்னால் ஆடுகிறது. என் மடியில் மகிழ் தூங்குகிறாள். பதினோரு மாதம். என் இடது தொடை மரத்துப்போய்க் கால் மணி நேரமாகிறது, அது இப்போது என் தொடையாகவே இல்லை, யாரோ கட்டிலில் வைத்துவிட்டுப் போன தலையணை. நகர்த்தினால் எழுந்துவிடுவாள். எழுந்துவிட்டால் பரவாயில்லை, எழுந்த குழந்தை மூச்சு விடுகிறதா என்று யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. தூங்கும்போதுதான் எண்ண வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முப்பது, சில சமயம் முப்பத்திரண்டு. நடுவில் யாராவது பேசினால் விட்ட இடம் தவறிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து. மேஸ்திரி நிறையப் பேசுகிறார். நான் பதினெட்டைத் தாண்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே பனிமஞ்சு இறங்கிவிட்டது, எதிர்ச்சரிவில் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போகின்றன. "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கெல்லாம் சுவரை உடைச்சிரலாம், என்னம்மா" என்று மேஸ்திரி என்னைக் கேட்கிறார். அவர் என்னையும் கேட்கிற மனிதர். நான் தலையை அசைத்தேன் போலிருக்கிறது, ஏனென்றால் அவர் திருப்தியாகத் திரும்பிக் கட்டத்தின் மேல்கோட்டை இன்னொரு தரம் அழுத்தி வரைந்தார்.

நாளைக் காலை எட்டு மணி. அதற்குள் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஏழு மாதமாக அந்த வாக்கியத்தைச் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போது நாள் தீர்ந்துவிட்டது, இந்தச் சாயங்காலமும் இரவும்தான் பாக்கி. குழந்தைக்கு ஜனவரியில் குளிர் தாக்கவில்லை. இவ்வளவுதான் வாக்கியம். சின்ன வாக்கியம், எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் நடக்கிற எல்லாமே அதற்கு எதிரான வாக்கியத்தின் மேல் நிற்கிறது. ஜனவரியில் குழந்தை குளிரில் விறைத்துப்போனாள், அதனால் ஜன்னல்களை மாற்ற வேண்டும், அதனால் ஓட்டுக்கு அடியில் பலகை அடிக்க வேண்டும், அதனால் கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை, அதனால் படுக்கையறையிலேயே ஒரு பயர்பிளேஸ். "எனக்காக இருந்தா ரெண்டு கம்பளி போதும் மேஸ்திரி, பாப்பாவுக்காகத்தான்" என்று இப்போதுகூடப் பூபதி சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் செல்போனில் ஒரு படம் வைத்திருக்கிறார், ஏதோ வெளிநாட்டு வீட்டின் கணப்பு, முன்னால் வெள்ளை ரோமக் கம்பளத்தில் ஒரு குழந்தை தவழ்கிறது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார், செங்கல் எத்தனை வரிசை என்று எண்ணுவார். நான் குழந்தையின் முகத்தைப் பார்ப்பேன். கன்னம் சிவந்திருக்கிறது. சூட்டினால் இருக்கலாம், போட்டோவுக்காகப் பூசியதாக இருக்கலாம். எனக்குக் கன்னம் சிவந்த குழந்தைகளைப் பார்க்க முடிவதில்லை, அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. பதின்மூன்று. பதினான்கு.

நான் படித்த கான்வெண்டில் ஒரு கணப்பு இருந்தது, மதர் சுப்பீரியரின் பார்லரில், கறுப்புக் கல்லில் திராட்சைக் கொடி செதுக்கியது. அதில் யாரும் நெருப்பு மூட்டிப் பார்த்ததில்லை. உள்ளே ஒரு சுரூபம் நின்றது, கையில் லில்லிப்பூ வைத்த சூசையப்பர், மேலே ஒரு ஜீரோ வாட் பல்பு. ஆறு வயதில் அம்மா போனபின் அப்பா என்னை அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு பட்டாளத்துக்குத் திரும்பிய அன்று, பெட்டியோடு அந்தப் பார்லரில்தான் உட்கார வைத்தார்கள், ரொம்ப நாள் வரைக்கும் சுவரில் அப்படி ஒரு குழி இருந்தால் அது புனிதர்கள் குடியிருக்கும் அறை என்றே நினைத்திருந்தேன். மற்ற பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருவார்கள். உள்ளே போகும்போது ஒரு முகம், வரும்போது வேறு முகம், பல் விளக்கிவிட்டு வந்த மாதிரி. இந்துப் பிள்ளைகள் நாங்கள் ஏழு பேர் அந்நேரம் விளையாட்டு மைதானத்தில் கல் பொறுக்க வேண்டும். எட்டாவது படிக்கும்போது ஒரு தரம் வரிசையில் புகுந்துவிட்டேன். சின்னச் சின்ன ஓட்டை போட்ட பலகைக்கு அந்தப்பக்கம் ஃபாதர் இருமினார், என்ன சொல்வது என்று தெரியாமல் என் பெயரைச் சொன்னேன், தமயந்தி, எயிட் பி. அவர் கோபிக்கவில்லை. "இதெல்லாம் உங்க வீட்டாளுங்ககிட்ட சொல்லணும்மா" என்று அனுப்பிவிட்டார். வீட்டாளுங்க. அப்பா அப்போது எங்கோ எல்லையில் இருந்தார். சொல்வதற்கு ஆள் வேண்டும், ஆள் வந்தபின் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் அகப்படுவது கஷ்டம். இதோ என் வீட்டாள், முழங்காலிட்டு, சாக்கட்டிக் கோட்டுக்குக் கீழே தரையைத் தட்டித் தட்டி, உள்ளே பொக்கென்று கேட்கிறதா என்று பார்க்கிறார். அதே எயிட் பி-யிலோ அதற்கு அடுத்த வருஷமோ கெமிஸ்ட்ரியில் ஒரு கேள்வி வந்தது. கார்பன் மோனாக்சைடின் பண்புகள் மூன்று தருக. நிறமில்லை. மணமில்லை. சுவையில்லை. மூன்றுக்கு மூன்று வாங்கினேன், சிஸ்டர் என் பேப்பரை வகுப்பில் தூக்கிக் காட்டினார். மூடிய அறையில் கரி எரிந்தால் அது உண்டாகும் என்று நான் நான்காவதாக ஒன்றையும் எழுதியிருந்தேன், கேட்காததை. ஆக எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். தெரியாமல் போனது வேறு ஒன்று, ஒரு பேச்சு, பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்களுக்கும் தெரிந்த ஒரு பேச்சு.

என் மாமியார் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார். ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி விழத் தொடங்கியதும் போனில் தினமும் புலம்பல், பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு அந்தக் குளுருல என்ன பண்றீங்களோ. ஒரு நாள், தான் வைத்திருந்த இரும்புக் குமுட்டி அடுப்பையும் அரை மூட்டைக் கரியையும் காய்கறி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். மத்தியானம் வந்து சேர்ந்தது. டிரைவர் இறக்கி வைத்தபோது அதன் ஒரு காதில் வாழைநார் கட்டியிருந்தது. சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டியபின் கரியைப் பற்றவைத்துக் கனல் ஆனதும் இந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன், இப்போது மேஸ்திரியின் செருப்புக் கிடக்கிற இடத்தில். ஜன்னலைத் திறந்துதான் வைத்தேன். கொஞ்சநேரம் காய்ந்துவிட்டு வெளியே எடுத்துவிடலாம் என்று இருந்தேன். பூபதிக்கு நைட் ஷிஃப்ட். எட்டரைக்குக் கரியெல்லாம் வெள்ளையாகச் சாம்பல் போர்த்திக்கொண்டது, ஆறிப்போன இட்லி மாதிரி சாதுவாக இருந்தது, சூடு குறைந்துவிட்டது, முடிந்தது என்றுதான் நினைத்தேன், ஆனாலும் காலையில் எடுக்கலாமா இப்போதே எடுக்கலாமா என்று ஒரு சந்தேகம். ஒன்பது மணிக்கு அத்தை போன் பண்ணினார். "ஏனம்மிணி, குமுட்டி மலையேறிருச்சா?" நான் அப்போது குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிய அடுப்பு. மலைக்கு மேல் இருக்கும் வீடு. மலையேறிருச்சா. "ஏறிருச்சுங்க அத்தை, பத்திரமா ஏறிருச்சு" என்றேன். அத்தை சிரித்தார். "அதென்ன பத்திரமா? நீ பேசற தமிழே தனித் தமிழ் சாமி. செரி, மலையேறிருச்சல்ல, இனி கதவு சன்னலெல்லாஞ் சாத்திப்போட்டு, சந்து பொந்துல துணியத் திணிச்சுட்டு நிம்மதியாத் தூங்கு. புள்ளைக்கு ஊதக்காத்து ஆகாது." பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பழக்கம், கான்வெண்டில் வந்தது. குமுட்டி வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு, ஆம் என்றதும், ஜன்னலைச் சாத்து என்கிறார், அப்படியானால் குமுட்டியை வைத்துக்கொண்டுதான் சாத்த வேண்டும் போல, இங்கே எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் போல. நான் பூபதியின் பழைய லுங்கி ஒன்றைக் கிழித்து ஜன்னல் சந்துகளில் திணித்தேன். பொறுமையாக, ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி, ஒரு இடைவெளி விடாமல். எனக்குக் கைவேலை எப்போதும் சுத்தமாக வரும், ஊசிவேலையில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். அந்த லுங்கியில் நீலக் கட்டம். பதினொன்று. பன்னிரண்டு. அவள் மூக்கு லேசாகச் சத்தம் போடுகிறது, அது சளி, அது நல்லது, சத்தம் இருந்தால் எண்ணச் சுலபம்.

என்னை எழுப்பியது பால். மார்பு இரண்டும் கல்லாகக் கனத்து, ரவிக்கை நனைந்து, அந்த வலிதான் எழுப்பியது. ஒரு மணிக்கு அழுதுவிடுகிற குழந்தை அழவில்லை, மணி இரண்டு. பரவாயில்லையே நன்றாகத் தூங்குகிறாளே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன், மற்றதைக்கூடச் சொல்லிவிடலாம். லைட்டைப் போட்டுப் பார்த்தேன், கன்னம் அப்படி ஒரு ரோஜா நிறம், உதடு செர்ரிப் பழம், இவ்வளவு அழகாக இருக்கிறாளே என்று நினைத்தேன், போட்டோ எடுக்கலாமா என்றுகூட நினைத்தேன், தலை வலித்துக்கொண்டே இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தேன், விட்டதும் விழுந்தது. அப்போது எங்கிருந்தோ, வரிசையாக, பரீட்சைப் பேப்பரில் எழுதிய என் கையெழுத்திலேயே, நிறமில்லை மணமில்லை சுவையில்லை. எழுந்து நின்றேன், கால் நிற்கவில்லை. அவளை இடுப்பில் அணைத்துக்கொண்டு முட்டி போட்டே கதவு வரைக்கும் போனேன். தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. இந்தக் கட்டிலிலிருந்து அந்தத் தாழ்ப்பாளுக்கு ஏழடி இருக்கும், இப்போது மேஸ்திரியின் டேப்பை வாங்கி அளந்து பார்க்கலாம். வெளியே படியில் உட்கார்ந்து அவளைக் குலுக்கினேன், முகத்தில் ஊதினேன், அவள் வாந்தி எடுத்தாள், அப்புறம் அழுதாள். அந்த அழுகையை நான் விடியும் வரை நிறுத்த விடவே இல்லை, நிறுத்தினால் கிள்ளி அழவைத்தேன். தொடையில் ஐந்தாறு இடத்தில் கன்றிப் போயிருந்தது, கொசு என்று சொன்னேன். அந்தக் குளிரில் கொசு. பூபதி ஆறு மணிக்கு வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே சால்வைக்குள், வாசற்படியில், புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்க. "ஏன் தமா வெளிய உக்காந்திருக்க, என்னாச்சு?" குழந்தை விறைத்துவிட்டாள் என்றேன், ராத்திரி விறைத்துப் போய்விட்டாள், வெயில் வருமென்று வெளியே உட்கார்ந்தேன். பொய் சொல்லத் திட்டமிடவில்லை. அவர் முகத்தில் இருந்த கேள்விக்கு அந்தப் பதில் ஏற்கெனவே பாதி இருந்தது, நான் மீதியைச் சொன்னேன். அதற்குள் குமுட்டியைத் தோட்டத்துப் பக்கம் வீசியிருந்தேன். ஆஸ்பத்திரியில் வீட்டில் ஹீட்டர் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அவர்கள் கேட்டார்கள், நான் இல்லை என்றேன். எத்தனை தரம் சுற்றி வந்தாலும் இந்த இடத்தில் வந்து சட்டையில் முள் மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்கிறது. கேட்டார்கள். இல்லை என்றேன். இப்போது அவளுக்குப் பதினோரு மாதமாகிறது, இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, அம்மா என்று சொல்லவில்லை, மா என்கிறாள், ம என்கிறாள், பசு மாட்டுக்கும் அதேதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்பதில் நின்றது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், சில குழந்தைகள் மெதுவாக நிற்கும் என்கிறார்கள். என்ன நடந்தது என்று தெரிந்த டாக்டர் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னால் அது ஒரு பதில். தெரியாமல் சொல்கிறவர்கள் சொல்வது என் பொய்யையே எனக்குத் திருப்பித் தருவது.

மேஸ்திரிக்கு டீ போடலாமா என்று பூபதி கண்ணால் கேட்கிறார், மடியைக் காட்டுகிறேன், சரி சரி என்று கையை அமர்த்துகிறார். நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பங்குனியில் மேட்டுப்பாளையம் போயிருந்தோம், அத்தை குழந்தைக்காக அம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டிருந்தார், குளிரில் பிழைத்த பிள்ளை அல்லவா. பூஜை அறையில் அத்தை பூக் கட்டிக்கொண்டிருந்தார், மின்விசிறிக் காற்று குத்துவிளக்கில் பட்டது. "அம்மிணி, விளக்கு மலையேறிருச்சு பாரு, எண்ணெய ஊத்தி ஏத்து" என்றார். நான் வாசல் வழியாக மலையைப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன், அங்கிருந்து எங்கள் மலை நீலமாகத் தெரியும். அப்புறம் விளக்கைப் பார்த்தேன், திரியிலிருந்து ஒரு இழை புகை. அப்படின்னா என்னங்க அத்தை என்று கேட்டேன். "அணைஞ்சு போச்சுன்னா சொல்லுவாங்க? ஊட்டு நெருப்ப அப்படிச் சொல்லக் கூடாது சாமி, ஊட்டுக்கு ஆகாது. மலையேறிருச்சுன்னு சொல்லோணும். உங்க கான்வெண்டுல இதெல்லாம் எங்க சொல்லிக் குடுத்தாங்க." அடுப்புக்குமா என்று கேட்டேன். "அடுப்பு, குமுட்டி, எல்லாத்துக்குந்தான்" என்று பூச்சரத்தைப் பல்லால் கடித்து நூலை அறுத்தார். எண்ணெய்க் கிண்ணம் என் கையில் இருந்தது. அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். குமுட்டி அணைந்ததா என்று கேட்டார், அணைந்தது என்று நான் சொன்னேன், பத்திரமாக அணைந்தது என்று சொன்னேன், அதன்பின் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கே அத்தையிடம் சொல்லியிருக்கலாம். மகிழ் அவர் மடியில் படுத்துக்கொண்டு பூக்காம்பைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் வாயிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னால் அந்த மடி என்ன ஆகும் என்று பார்த்தேன். எண்ணெய் ஊற்றி விளக்கை ஏற்றினேன்.

"அந்த டேம்பரை மட்டும் நல்ல கனமான இரும்புல போடுங்க மேஸ்திரி, எங்க பேக்டரில தகரம் போட்டு ரெண்டே வருஷத்துல வளைஞ்சு போச்சு" என்கிறார் பூபதி. தொண்டைக்குள் ஒரு தட்டு, ஒரு பிடியை இழுத்தால் புகைக் குழாயை மூடிக்கொள்ளும், இதை நான் இப்போதுதான் கேட்கிறேன். மூடுவதற்கு எதற்கு? என்னிடம் திரும்பிப் பெருமையாக விளக்குகிறார். நெருப்பு அடங்கினதும் இதை இழுத்து மூடிவிட்டால் சூடு மேலே ஓடாது, விடிய விடிய அறை கதகதவென்று இருக்கும். மேஸ்திரி தன் பங்குக்கு, "புது ஜன்னல்ல ஒரு நூல் காத்து உள்ள வராதும்மா, பாப்பாவுக்கு ஸ்வெட்டரே வேண்டாம் பாருங்க" என்கிறார். கதவுக்கு ரப்பர் பட்டை. ஜன்னலில் ஒரு நூல் காற்று வராது. தொண்டையில் தட்டு. அடியில் சாம்பல் போர்த்திய கனல். நான் லுங்கியைக் கிழித்துச் செய்ததை இவர்கள் இருவரும் செங்கல்லிலும் இரும்பிலும் செய்துகொண்டிருக்கிறார்கள், அன்பாக, அளவெடுத்து. எனக்குப் பயம் வந்ததாகச் சொல்ல முடியாது, பயம் எப்போதும் இருப்பதுதான், இப்போது அது போட்ட சட்டையைப் போலப் பழகியிருக்கிறது. வந்தது ஒரு தெளிவு, கணக்குப் போட்டு விடைக்குக் கீழே கோடு போடும்போது வருகிற மாதிரி. "அடங்கிருச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பக்கத்து அறையிலிருந்து கேட்டது. "பார்த்தா தெரியாதாம்மா, சாம்பலாயிரும்ல" என்றார் மேஸ்திரி. "சாம்பலுக்கு அடியில?" பூபதி டேப்பைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "நான் எதுக்கு இருக்கேன் தமா? நெருப்பப் பத்தி எனக்கே பாடம் நடத்தறியா?" "அன்னிக்கு நீங்க நைட் ஷிஃப்ட்." "என்னிக்கு?" டேப் கடைசி நீளத்தைப் படக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. மகிழ் அசைந்தாள், உதட்டைச் சப்பினாள், மறுபடி தூங்கினாள். "ஜனவரில. பாப்பாவுக்குக் குளிர் அடிக்கலைங்க. அத்தை அனுப்பின குமுட்டிய ரூமுக்குள்ள வெச்சிருந்தேன். கனல் இருந்துச்சு, ஆறிருச்சுன்னு நினைச்சேன். ஜன்னல் சந்தெல்லாம் துணி வெச்சு அடைச்சேன்." நான்கு வாக்கியமாகிவிட்டது. அத்தையின் போனைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இது பாதியாகிவிடும், ஒரு பாதி அவருடையதாகிவிடும், அவருடையது ஒன்றுமில்லை.

மேஸ்திரி கையிலிருந்த சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏசுவே என்று மெல்லச் சொன்னார், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல. பூபதி என்னைப் பார்க்கவில்லை. தரையில் செருப்புக் கிடந்த இடத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அவர் மனதுக்குள் அறையின் நீளத்தை அகலத்தால் பெருக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "ஒம்பதுலேர்ந்து ரெண்டு வரைக்கும்." "கதவு?" "தாழ் போட்டிருந்தேன்." "டாக்டர்கிட்ட?" "சொல்லலை. கேட்டாங்க, இல்லைன்னுட்டேன்." கத்துவார் என்று ஏழு மாதமாக அந்தக் கத்தலுக்கு வார்த்தைகூட அமைத்து வைத்திருந்தேன், நீயெல்லாம் ஒரு தாயா என்று தொடங்கும். அவர் கத்தவில்லை, அந்த வார்த்தைகள் எனக்குள் வேலையில்லாமல் நின்றன. மேஸ்திரி கதவருகில் போய்ச் செருப்பில் காலை நுழைத்தபடி, "சார், நாளைக்கு வரட்டுங்களா, என்னங்க" என்றார். "வாங்க மேஸ்திரி" என்றேன் நான். "இந்த ரூம்ல வேண்டாம். ஹால்ல கட்டிருங்க. தட்டு வேண்டாம். சுவர்ல காத்து வர ஒரு ஓட்டை விடணும், மூட முடியாத மாதிரி." அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், பூபதியைப் பார்க்கவில்லை, படியிறங்கினார். பூபதி ஆணியில் மாட்டியிருந்த மகிழின் ஸ்வெட்டரை எடுத்தார். "ஆறு மணி வரைக்கும் குழந்தை டாக்டர் இருப்பார். நீயே சொல்லு, முதல்லேர்ந்து சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். மடியிலிருந்து அவளைத் தூக்கினார், என் தொடைக்குள் இரத்தம் ஊசி ஊசியாகத் திரும்பி வந்தது, எழுந்து நிற்க முடியவில்லை. தூக்கக் கலக்கத்தில் தலை சாய்ந்த குழந்தைக்கு நின்றுகொண்டே ஸ்வெட்டரை மாட்டினார், கழுத்து போய்விட்டது, வலது கை போய்விட்டது, இடது கை உள்ளேயே மாட்டிக்கொண்டது. வெளியிலிருந்து சட்டைக் கைக்குள் தன் இரண்டு விரலை விட்டுத் தேடினார். உள்ளே அவள் விரலைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அவர் அதை வெளியே இழுக்கவில்லை, அப்படியே நின்றார், எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு.